வாயைக் கட்டினால் போதாதா?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து கை கழுவ எழுந்தபோது, எதிர்வீட்டுப் பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். "எடையைக் குறைக்கத் தம்பிக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணப் போறீங்களாமே. இருபத்திமூணு வயசுப் பையன். வாயைக் கட்டினா போதாதாம்மா?" அவர் குரலில் பழியோ கிண்டலோ இல்லை. அவன் பிறந்தபோது முதலில் வென்னீர் போட்டவர் அவர்தான். நான் ஏதோ முனகிவிட்டு வந்துவிட்டேன். இரவு முழுக்க அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. காரணம், அது என் வாயிலிருந்து ஐந்து வருடமாக வந்துகொண்டிருந்த வாக்கியம். அவனுக்கு நேராகவே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வரலாறும் உண்டு. அப்பா ஹார்பரில் வின்ச் ஆபரேட்டராக இருந்தார். சர்க்கரையில் முதலில் கால் கட்டைவிரல் போனது, அப்புறம் 51 வயதில் மாரடைப்பில் அவரே போய்விட்டார். தம்பிக்கு அப்போது 14 வயது, எனக்கு 22. தண்டையார்பேட்டையில் வாசற்படியில் இட்லிப் பானை வைத்து அம்மா எங்களை ஆளாக்கினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று அம்மா சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல. காலை வியாபாரம் முடிந்ததும் மிச்ச இட்லியை எண்ணுவார். ஆறு மிஞ்சினால் ஆறும் தம்பித் தட்டுக்குப் போகும், அம்மா டீயோடு நிறுத்திக்கொள்வார். அப்பா இல்லாத பையன் பசியோடு பள்ளிக்கூடம் போகக் கூடாது என்பது அவர் வைராக்கியம். என் முதல் சம்பளத்தில் நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் சாப்பாடுதான். பாசத்தை எங்களுக்கு வேறு விதமாகக் காட்டத் தெரியவில்லை.

பிளஸ் டூ முடிக்கும்போது 96 கிலோ இருந்தான். ஊரடங்கு முடிந்து வெளியே வந்தபோது 118. 2021இல் யாரோ சொல்லி கீட்டோ டயட் இருந்தான். அரிசியைத் தொடாமல், முட்டையும் பனீருமாக ஆறு மாதத்தில் 17 கிலோ குறைத்தான். தெருவே பாராட்டியது. அடுத்த வருடம் அந்த 17ம் திரும்பி வந்து, கூடவே 11 கிலோவும் ஏறியது. ராயபுரம் அண்ணா பூங்காவில், அதாவது பழைய ராபின்சன் பார்க்கில், காலையில் நடக்கப் போனான். இரண்டு வாரம் கழித்து நிறுத்திவிட்டான். யாரோ பையன்கள் பின்னாலிருந்து செல்போனில் படம் எடுத்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது நான் சொன்னது, "உனக்கு மன உறுதி பத்தலடா."

புயலடித்த ராத்திரி

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கொருக்குப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டு மாடிக்குப் போனோம். மூன்று நாள் கரண்ட் இல்லை. ஒரே அறையில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். சுவரோரம் அம்மா, அடுத்து நான், குழந்தை, கதவுப் பக்கம் தம்பி. ஃபேன் சத்தம் இல்லாத, வண்டிச் சத்தம் இல்லாத அப்படியொரு ராத்திரியை நான் தண்டையார்பேட்டையில் அதற்கு முன் கண்டதில்லை.

அவன் குறட்டை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சிரிக்கிற விஷயம். மோட்டார் ஓடுகிறது என்போம். அன்றும் ஓடியது. பிறகு சட்டென்று நின்றது. அப்பாடா, இனித் தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். சில நொடியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. குறட்டை மட்டுமில்லை, மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடி எம்பி எம்பி விழுகின்றன. ஆனால் தொண்டை வழியாக ஒன்றும் போகவில்லை. உதடு கறுத்த மாதிரி தெரிந்தது, டார்ச் வெளிச்சமோ என் பயமோ. உலுக்கக் கை நீட்டுவதற்குள், தண்ணீரில் மூழ்கியவன் மேலே வந்தது போல ஒரு பெரிய இழுப்பு. தலை ஒருமுறை தூக்கிப் போட்டது. விழிக்கவில்லை. மறுபடி மோட்டார். மறுபடி நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். 22 நொடி. அடுத்தது 31. அதற்கடுத்தது 38.

இருட்டில் பக்கத்திலிருந்து அம்மா குரல் வந்தது. "தூங்கு. அவன் எப்பவும் அப்டித்தான்."

"நீ தூங்கலியாம்மா?"

"சத்தம் வந்துக்கினு இருந்தா தூங்கிடுவேன். நின்னாதான் எனக்கு முழிப்பு வரும்."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். பதில் வரவில்லை. விடிகிற வரை இரண்டு பேரும் அவன் மூச்சை எண்ணிக்கொண்டே படுத்திருந்தோம். மறுநாள் அவன் எழுந்து, தலை வலிக்கிறது, தூங்கின மாதிரியே இல்லை என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். தினமும் காலையில் அவன் சொல்வதுதான். சோம்பேறித்தனம் என்று நான் திட்டுவதும் தினமும் நடப்பதுதான்.

அன்றைக்கு எனக்குள் ஒன்று உடைந்தது. தூக்கத்தில் யாரால் வாயைக் கட்ட முடியும்? தொண்டையைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, தூங்கும்போது தசை தளர்ந்ததும் மூச்சுப் பாதையை அடைக்கிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி அடைக்கிறது. ராத்திரி முழுக்க இதே போராட்டம் நடந்தால் உடம்பு களைக்கும், களைத்த உடம்பு பகலில் இன்னும் அதிகமாகச் சாப்பாடு கேட்கும். இதெல்லாம் பிற்பாடு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அந்த ராத்திரி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவ்வளவு நாள் இவன் குணத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், இது நோய்.

முதல் மருத்துவமனை

2024 ஜனவரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். டாக்டரைப் பார்த்தது ஏழெட்டு நிமிடம். அதன் பிறகு ஒரு கண்ணாடி அறையில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தவணை வசதி, அப்புறம் "இந்த மாசத்துக்குள்ள அட்மிட் ஆனா 40,000 ரூபாய் குறைச்சுக்கலாம்." தூக்கப் பரிசோதனை பற்றி நான் கேட்டதற்கு, அதெல்லாம் அட்மிஷன் ஆன பிறகு பார்த்துக்கலாம் என்றார். புடவைக் கடையில் ஆடித் தள்ளுபடி கேட்டிருக்கிறேன். இரைப்பையை வெட்டுவதற்குத் தள்ளுபடி கேட்டது அன்றுதான். இருந்தும் முன்பணம் கட்டக் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டேன். பயம் அப்படி.

தள்ளிப்போட வைத்தது அம்மா. ஏப்ரல் மாதம் டிவியில் அந்தச் செய்தி வந்தது. பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர், வயது 26, இறந்துபோனார். அரசு விசாரணைக்குழு அமைத்ததும், அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அம்மா டிவியை அணைத்துவிட்டு, "இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்ல வேணாம்" என்றார். ஒன்றரை வருடம் யாரும் பேசவில்லை. அந்தத் தாயின் துக்கத்துக்கு முன்னால் என்ன கணக்கு சொன்னாலும் நிற்காது. நானும் வாதாடவில்லை.

நடுவில் ஊசி வந்தது. 2025 மார்ச்சில் பசியையும் எடையையும் குறைக்கிற மௌன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபோது, கத்தியில்லாமல் முடிந்துவிடும் என்று நான் ரொம்பவே நம்பினேன். வாரம் ஒரு ஊசி. அப்போது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் போட்டோம். நான்கு மாதத்தில் 9 கிலோ குறைந்தது. முதல் தடவையாகப் பசியில்லாமல் இருப்பது எப்படி என்று தெரிகிறது என்றான். ஆனால் 24,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 17,500 ஊசிக்கே போனால் எத்தனை மாதம் தாங்கும்? நிறுத்தியதும் பசி திரும்பியது, எடையும் பெரும்பாலும் திரும்பியது. அந்த மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். வசதி இருப்பவர்களுக்கு, இவனைவிட எடை குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். எனக்கு அது வேறொன்றைப் புரியவைத்தது. பசி என்பது அவன் மனசில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. எடை குறையக் குறைய உடம்பு அதைப் பஞ்சம் என்று நினைத்துப் பசியைக் கூட்டுகிறது, எரிப்பதைக் குறைக்கிறது. கீட்டோவில் அவன் தோற்றது அதனால்தான்.

என்னை வெளியே அனுப்பினார்கள்

இரண்டாவது இடத்துக்கு அவனே போனான். தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை அவனுக்கு. உடன் வேலை செய்பவரின் மச்சினருக்கு அங்கே செய்திருக்கிறார்கள், ஆறு வருடமாக நன்றாக இருக்கிறார். ஒருநாள் போன் செய்து, "அக்கா, வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன், கூட வர்றியா" என்றான். அம்மாவிடம் சொல்லவில்லை.

உயரம் 173 சென்டிமீட்டர், எடை 141 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. 47. கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். போன மாதம் என்றான். நான் அவனைப் பார்த்தேன், வீட்டில் இருக்கும் மெஷின் 120 வரைதான் காட்டும். "காயலாங்கடையில பார்த்தேன்" என்றான். நேதாஜி நகர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடைத் தராசில், கடை சாத்துகிற நேரமாகப் பார்த்துப் போய் ஏறி நின்று பார்த்துவிட்டு வருவானாம், மாதாமாதம். கடைக்காரர் எண்ணைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வாராம். அந்த மனிதரைத் தேடிப் போய் ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

இங்கே யாரும் தேதி கேட்கவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.3, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. அப்பா கதை அவனுக்கும் காத்திருக்கிறது. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 58 முறை மூச்சுத் தடை. 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30க்கு மேல் போனாலே கடுமை. ஆபரேஷன் செய்கிறோமோ இல்லையோ, முதலில் இதற்கு மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபாப் மெஷின் போட வேண்டும், இதைக் கவனிக்காமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்றார் டாக்டர். முதல் மருத்துவமனையில் அட்மிஷனுக்குப் பிறகு பார்த்துக்கலாம் என்றது இதைத்தான். மெஷின் வாடகைக்கு எடுத்தோம். அது வந்த மூன்றாம் நாள் அம்மா என்னிடம், "நேத்து ராத்திரி நான் ஒரே தூக்கம்" என்றார். அவன் தூங்கியதைப் பற்றி அல்ல, தான் தூங்கியதைப் பற்றி.

அப்படியென்றால் மெஷின் போதாதா என்று டாக்டரிடம் நான் கேட்டேன். மெஷின் மூச்சைக் காப்பாற்றும், எடையையும் சர்க்கரையையும் ஒன்றும் செய்யாது என்றார். அப்புறம் ஒரு தாளை எடுத்து இரைப்பையை வரைந்தார். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் போல நீளமாக நிற்கும். பசியைத் தூண்டுகிற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதி போய்விடுவதால் பசியும் அடங்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் அதிகம் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டலாம், அவர்களுக்கு, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற பைபாஸ் நல்லது. அதற்குத்தான் முதலில் எண்டோஸ்கோபி. தைத்த இடத்தில் கசிவு நூற்றில் ஒருவருக்கு வரலாம். உயிருக்கு ஆபத்து, நல்ல அனுபவமுள்ள இடங்களில், ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில். இதைப் பின்னால் அம்மாவிடம் சொன்னபோது, "அந்த ஒருத்தனும் ஒரு அம்மா பெத்த புள்ளதானே" என்றார். டாக்டரிடம் இதற்குப் பதில் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

டயட்டீஷியன் மேஜை மேல் மருந்து ஊற்றுகிற சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்தார். 30 மில்லி. முதல் நாட்களில் இதில்தான் குடிக்க வேண்டும், ஒவ்வொரு வாயாக, கால் மணிக்கு ஒரு மூடி. இரண்டு வாரம் திரவம் மட்டும், பிறகு மசித்தது, ஒரு மாதம் கழித்துத்தான் மெல்ல வழக்கமான சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், பயப்பட வேண்டாம், திரும்ப வளரும். பித்தப்பையில் கல் வரலாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் உயிர் உள்ளவரை. விடாமல் வாந்தி இருந்தால் பொறுத்துப் பார்க்காமல் உடனே வர வேண்டும், தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பைத் தாக்கும். பீர் குடிப்பீர்களா என்று நேராகவே கேட்டார். எப்போதாவது என்றான். இதற்குப் பிறகு கொஞ்சமே சீக்கிரம் தலைக்கேறும், பழக்கமாகவும் மாறலாம், இளவயசுக்காரர்களிடம் இதை நான் இரண்டு முறை சொல்வேன் என்று மறுபடியும் சொன்னார்.

அவர் பேசப் பேச நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 60 வயதில் செய்துகொள்கிறவருக்கு மாத்திரை இருபது வருடம். இவனுக்கு 50 வருடம். வேலை மாறுவான், ஊர் மாறுவான், கல்யாணம் ஆகும், ஒரு கட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். அப்போது ஞாபகப்படுத்த நான் பக்கத்தில் இருப்பேனா? சின்ன வயசு என்பதால் வேண்டாம் என்பவர்களிடம் நான் ஒப்புக்கொள்கிற ஒரே நியாயம் இது. ஆனால் அதே 50 வருடத்தை மணிக்கு 58 முறை மூச்சு நிற்கிற உடம்போடு வாழ்வதையும் கணக்கில் வைக்க வேண்டாமா? அப்பா 51இல் போனார்.

காத்திருந்த இடத்தில் பெரம்பூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும். பெண்ணுக்கு 22 இருக்கும். தையில் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் இருபது கிலோ குறையுமா என்று அந்த அம்மா என்னிடம் விசாரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது என்று உள்ளே சொல்லியிருப்பார்கள், அது அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் கடைசிவரை தலையே நிமிரவில்லை. அவளுக்குத் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காக ஒருத்தியின் இரைப்பையை வெட்டக் கூடாது என்பதில் மட்டும் எனக்குத் துளிச் சந்தேகமில்லை.

மனநல மருத்துவர் அறைக்கு அவனோடு நானும் எழுந்தேன். அவர் மரியாதையாக, "நீங்க வெளியில இருங்கம்மா" என்றார். நாற்பது நிமிடம். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் மருத்துவமனையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது நான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்ன சாப்பிடுவான், எப்போது தூங்குவான், எதற்காகக் குறைக்க வேண்டும், எல்லாம் நானே சொன்னேன். அவன் பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு வாய் இருப்பதே எனக்குச் சாப்பிடும்போது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

திரும்பும்போது மெட்ரோவில் கூட்டமில்லை. மண்ணடி தாண்டியதும் அவனாகவே பேசினான். மூன்று வருடமாக ஷேர் ஆட்டோவில் ஏறுவதில்லையாம். ஒருமுறை டிரைவர் ரெண்டு டிக்கெட் கொடு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து மழையானாலும் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடைதான். "ஆபீஸ் முடிஞ்சு பசங்களோட பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா நூடுல்ஸ், அத்தோ சாப்பிடுவோம்ல, அந்த வாழைத்தண்டு சூப்பு. அது மட்டும்தான் அக்கா யோசனையா இருக்கு. சாப்பிட முடியாதேன்னு இல்ல. அங்க நான் நாலு பேர்ல ஒருத்தன். சாப்பிடாம போய் நின்னா அவங்க கூப்பிடுவாங்களான்னு." நான் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அவன் பதிலுக்காகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். மெஷின் போட்டுத் தூங்கினான், காலைத் தலைவலி போனது. டயட்டீஷியனிடம் நான்கு முறை தனியாகப் போனான். அந்த மச்சினர் வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தான், அவர் தட்டில் ஒரு இட்லி, கொஞ்சம் மீன். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து வரி வரியாகப் படித்தான். வயது 18க்கு மேல், பி.எம்.ஐ. 40 அல்லது கடுமையான நோய்களோடு 35, டாக்டர் பரிந்துரை என்று அதில் நிபந்தனை இருக்கிறது. பாலிசி எடுத்த பிறகான காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது ரொம்பக் கஷ்டமான மூன்று மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான். "பைபாஸ் இல்ல, ஸ்லீவ் போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மார்ச்சுல ஆபீஸ்ல கணக்கு முடிக்கணும், ஏப்ரல்ல பண்ணிக்கறேன். அம்மாகிட்ட நீ சொல்லு அக்கா, எனக்கு வாய் வராது. ஆனா நாங்க முடிவு பண்ணோம்னு சொல்லாத. அவன் முடிவு பண்ணான்னு சொல்லு."

அம்மா பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் சொன்னபடியே சொன்னேன். அம்மா மீனைக் கழுவித் தண்ணீரைக் கொட்டினார், இன்னொரு முறை கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த முப்பது மில்லி மூடி எங்க கிடைக்கும்?"